500 ரூபாய்க்குள்ள கையால செஞ்ச பரிசு: எங்க தேடறது, எப்படி நம்பறது?

நீங்க கேட்டிருக்கறது இது: அக்கா கல்யாணத்துல ஓடியாடி வேலை பார்த்த 12 பேருக்கு தலா 500 ரூபாய்க்குள்ள ஒரு பொருள் குடுக்கணும், அது கையால செஞ்சதா இருக்கணும், முடிஞ்சா செஞ்சவங்ககிட்டயிருந்தே ஆன்லைன்ல வாங்கணும், ஆனா இன்ஸ்டாகிராம்ல தேடினா பத்து பேஜ்லயும் ஒரே போட்டோதான் இருக்கு, கோயம்புத்தூர்ல இருக்கேன், நல்ல பேஜ் நாலு சொல்லுங்கன்னு. பேஜ் பேரு சொன்னா அது இன்னைக்கு உதவும், ஆறு மாசம் கழிச்சு அந்தப் பேஜே இருக்காது. நிஜத்துல உங்களுக்குத் தெரிய வேண்டியது எது கையால செஞ்சது, செஞ்சவங்கள எப்படி தேடிப் பிடிக்கறது, அந்தக் காசுக்கு யார் வயித்துலயும் அடிக்காம எது கிடைக்கும்னுதான், அதனால அதையே சொல்றேன். நான் கும்பகோணத்துல ஓவியம் படிச்சவன், 14 வருஷமா கைவினைப் பொருள் வாங்கி விக்கற வேலைதான், முதல்ல கடையில, இப்ப பெரும்பாலும் போன்லயும் கொரியர்லயும்.

முதல்ல விலையப் பத்தி, ஏன்னா அங்கதான் எல்லாரும் தப்பான பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கறாங்க. கைவேலையில பொருளோட விலை ரொம்பக் கம்மி, மணி நேரம்தான் விலை. ஓலைக்கும் நூலுக்கும் களிமண்ணுக்கும் எவ்வளவு ஆயிடும், அதுல ஒருத்தர் உக்கார்ந்த நேரம்தான் காசு. அதனால குறைஞ்ச விலையில வாங்கறதுக்கு நியாயமான வழி பேரம் இல்ல, குறைஞ்ச நேரத்துல முடியற பொருள தேர்ந்தெடுக்கறது. பெரிய பொருள 500க்கு அடிச்சுக் கேக்காதீங்க, அதே கைக்காரங்ககிட்ட அதே வேலையில சின்னப் பொருள் கேளுங்க. நீலகிரி தோடர் பழங்குடிப் பெண்கள் போடற எம்பிராய்டரி சால்வைன்னா மாசக் கணக்குல வேலை, ஆயிரக்கணக்குல விலை, ஆனா அதே அம்மாக்கள் செய்யற சின்ன பர்ஸ், புக்மார்க், போன் பை எல்லாம் உங்க பட்ஜெட்டுக்குள்ள அல்லது கொஞ்சம் மேல வரும். பத்தமடை பாய்லயும் அப்படித்தான், கல்யாணப் பாய் வேற கதை, அதே கோரையில செய்யற டேபிள் மேட், கோஸ்டர், சின்னப் பை எல்லாம் கைக்கு அடக்கமான விலை.

இதுக்கு நேர் எதிரான உதாரணம் குரோஷே. கொக்கி ஊசியால நூல வளையம் வளையமா கோத்து செய்யற உண்மையான குரோஷேய அப்படியே போடற மெஷின் இன்னும் சந்தைக்கு வரல, மெஷின்ல வர்றது அதே மாதிரி தெரியற வேற பின்னல். அப்ப ஒரு முழு குரோஷே பொம்மை 120 ரூபாய்க்கு டெலிவரியோட வருதுன்னா, அது மெஷின் வேலையா இருக்குமோன்னு சந்தேகப்பட வேணாம், கைதான் செஞ்சிருக்கு, அந்தக் கைக்கு எவ்வளவு குடுத்திருப்பாங்கன்னு மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்க. நூல் காசு, கொரியர் காசு, விக்கறவர் லாபம் எல்லாம் போக நாலு மணி நேர வேலைக்கு மிஞ்சறது இருபதோ முப்பதோ. எனக்கு அந்த விலையில வாங்க மனசு வர்றதில்ல, உங்களுக்கும் வராதுன்னுதான் நினைக்கறேன், இல்லாட்டி செஞ்சவங்ககிட்டயே வாங்கணும்னு எழுதியிருக்க மாட்டீங்க.

சரி, தேடறது எப்படி. "ஹேண்ட்மேட் கிஃப்ட்"னு அடிச்சா உங்களுக்கு வர்றது மொத்த வியாபாரிங்க போட்ட விளம்பரம், ஏன்னா அந்த வார்த்தைய துரத்தறவங்க அவங்கதான். செய்யறவங்க தன் பொருள பரிசுன்னு சொல்லவே மாட்டாங்க, அதோட பேரச் சொல்வாங்க, ஊரச் சொல்வாங்க. அதனால பொருள் பேரும் ஊர் பேரும் சேர்த்து, தமிழ்லயும் ஒரு தடவ இங்கிலீஷ்லயும் ஒரு தடவ தேடுங்க: காரைக்குடி ஓலைக் கொட்டான், மணப்பாடு பனை ஓலை, பவானி ஜமக்காளம், விளாச்சேரி பொம்மை, மானாமதுரை மண்பானை, சென்னபட்டணம் (சென்னை இல்ல, கர்நாடகாவுல இருக்கற ஊர்) மரப்பொம்மை, தஞ்சாவூர் நெட்டி வேலை (தண்ணிச் செடித் தண்டுல செய்யறது). இன்ஸ்டாகிராம்ல ஊர் லொகேஷன வச்சுத் தேடினா இன்னும் நல்லது. யூடியூப்லயும் தேடுங்க, இத நிறைய பேர் யோசிக்கறதில்ல, ஒரு ஊர்ல போய் எடுத்த சின்ன வீடியோவுல கடைசியில அந்தக் குடும்பத்தோட போன் நம்பரே இருக்கும், நான் அப்படிக் கண்டுபிடிச்ச ரெண்டு குடும்பத்துகிட்ட இன்னைக்கு வரைக்கும் வாங்கறேன். அவங்க போட்டோ மங்கலா, பின்னாடி சுவத்துல காலண்டரோட, லைட் இல்லாம இருக்கும். அத வச்சு பொருள எடை போடாதீங்க, நல்ல போட்டோ எடுக்கத் தெரியறது வேற திறமை.

ஏன் இவங்கெல்லாம் பெரிய ஆப்ல இல்லாம வாட்ஸ்அப்ல கிடக்கறாங்கன்னு கேக்கலாம், அதுக்கு ஒரு பெரிய காரணம் ஜிஎஸ்டி. கடையில நேரா வித்தா விற்பனை ஒரு அளவுக்குக் கீழ இருக்கற வரை ரெஜிஸ்ட்ரேஷன் வேணாம், ஆனா ஆன்லைன் தளம் வழியா சரக்கு வித்தா ஒரு ரூபாய்க்கு வித்தாலும் வேணும்னு ரொம்ப நாள் இருந்துச்சு. 2023 அக்டோபர் 1லேர்ந்துதான் ஒரே மாநிலத்துக்குள்ள விக்கற சின்ன வியாபாரிங்களுக்கு அது தளர்ந்துச்சு. அதுக்குள்ள அவங்க எல்லாம் வாட்ஸ்அப் கேட்டலாக்ல பழகிட்டாங்க. அரசாங்கத் தரப்புல பாதுகாப்பா வாங்கணும்னா பூம்புகார் இருக்கு, 1973லேர்ந்து தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நடத்தறது, ஆன்லைன்லயும் வாங்கலாம். மத்திய ஜவுளி அமைச்சகம் 2023ல ஆரம்பிச்ச இந்தியா ஹேண்ட்மேட்னு ஒரு தளமும் இருக்கு, அதுல நெசவாளரும் கைவினைஞரும் நேரா கடை போடலாம். குவாலியர்லேர்ந்து நடக்கற ஐடோக்ரி மாதிரி தனியார் தளங்களும் பார்க்கலாம், வட இந்திய வேலைப்பாடுகள் அங்க நிறைய. எட்சி பத்தி ஒரு வார்த்தை, வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க கேப்பாங்க: 2005ல கைவினைக்குன்னே ஆரம்பிச்ச தளம்தான், ஆனா 2013லேர்ந்து வெளி தயாரிப்பாளர்கிட்ட செஞ்சு வாங்கி விக்கவும் அனுமதி உண்டு, அதனால எட்சியில இருக்கறதாலயே ஒண்ணு கைவேலை ஆயிடாது. அங்க 2022 ஏப்ரல்ல கமிஷன 5 சதவீதத்துலேர்ந்து 6.5 ஆக்கினப்போ ஆயிரக்கணக்கான பேர் ஒரு வாரம் கடைய மூடிப் போராடினாங்க. விக்கறவங்க மேல அந்த பாரம் ஏறினா அது உங்க விலையிலதான் வந்து நிக்கும், நேரா வாங்கினா கொஞ்சம் கம்மியா கிடைக்கறது அதனாலதான்.

இப்ப நீங்க பயப்படற விஷயம், போலி. பத்து பேஜ்ல ஒரே போட்டோன்னா அந்தப் படத்த கூகுள் லென்ஸ்ல போடுங்க, மொத்த விலை தளத்துல அதே படம் வந்தா அந்தப் பேஜ் செய்யறது வாங்கி விக்கறது. அதுக்காக அவங்கள திருடன்னு சொல்லிட முடியாது. நானே அந்த வேலைதான் செய்யறேன், உடையாம பேக் பண்றது, உடைஞ்சா மாத்திக் குடுக்கறது, கஸ்டமர் கேள்விக்கு ராத்திரி 11 மணிக்கு பதில் சொல்றது இதுக்கெல்லாம் ஒரு கூலி உண்டு. வாங்கி விக்கறத தானே செய்யறதா சொல்றதுதான் தப்பு. அதனால நேராவே கேளுங்க, "நீங்களே செய்யறீங்களா, வாங்கி விக்கறீங்களா, எந்த ஊர்ல செய்யறாங்க?" சுத்தமா இருக்கறவங்க ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. அடுத்த கேள்வி, "12 பீஸ் வேணும், எத்தன நாள் ஆகும்?" செய்யறவங்க உடனே தேதி சொல்ல மாட்டாங்க, கலர் கேப்பாங்க, சைஸ் கேப்பாங்க, வீட்டுல விசேஷம் இருக்கு அடுத்த வாரம்தான் ஆரம்பிப்பேன்பாங்க. எத்தன வேணும்னாலும் நாளைக்கே அனுப்பறேன்னு சொன்னா அது கோடவுன்.

கையால செஞ்சதான்னு பார்க்கறதுக்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம் இருக்கு, பெரும்பாலும் அது பின்பக்கம். எம்பிராய்டரின்னா பின்பக்க போட்டோ கேளுங்க, மெஷின் வேலைன்னா பின்னாடி வேற ஒரு பாபின் நூல் ஒரே சீரா ஓடும், பல நேரம் தையலுக்கு அடியில தாங்க வச்ச, கிழிச்ச பேப்பர் மாதிரி ஒரு தாள் ஒட்டியிருக்கும். தோடர் வேலையில படம் வரைஞ்சுக்கறதே கிடையாது, துணியோட இழைய எண்ணி எண்ணி சிவப்பும் கருப்புமா ஊசி ஓட்டுவாங்க, ரெண்டு பக்கமும் பார்க்கற மாதிரி இருக்கும். 2013ல அதுக்கு புவிசார் குறியீடு (ஜிஐ டேக்) கிடைச்சுது. அதுக்கப்புறம் அந்த டிசைன பிரிண்ட் பண்ணிக்கூட விக்கறாங்க, தடவிப் பார்த்தா மேடு இருக்காது, ஆன்லைன்ல தடவ முடியாது, அதனால சாய்ச்சு வச்சு எடுத்த க்ளோசப் கேளுங்க. பிளாக் பிரிண்ட்ல கட்டைய மாத்தி வச்ச இடத்துல ஒரு முடி இடைவெளியோ மேல ஏறினதோ எங்கயாவது இருக்கும், துணி முழுக்க அளந்து வச்ச மாதிரி ஒரே சீரா இருந்தா ஸ்கிரீன் பிரிண்டா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஜமக்காளம் சட்டப்படி கைத்தறிக்குன்னு ஒதுக்கினது, 1985 சட்டத்துல அந்தப் பட்டியல்ல அது இருக்கு, ஆனாலும் விசைத்தறியில ஓட்டினது சந்தையில கிடக்கு, அங்க கைத்தறி முத்திரை லேபிள் இருக்கான்னு பாருங்க, 2006லேர்ந்து குடுக்கறாங்க.

சென்னபட்டணம் பொம்மை கொஞ்சம் சிக்கல். கடைசல் சுத்தறது இப்ப மோட்டார்ல, ஆனா உளிய பிடிக்கறது கை, அரக்குக் குச்சிய சுத்தற மரத்து மேல அழுத்தும்போது வர்ற சூட்டுல அரக்கு உருகி ஒட்டும், அப்புறம் தாழை ஓலைய வச்சு பளபளன்னு தேய்ப்பாங்க. என்னைக் கேட்டா அது கைவேலைதான். சிலர் மோட்டார் வந்தாலே கைவேலை இல்லன்னு சொல்வாங்க, இது கருத்து வித்தியாசம், நிச்சயமான பதில் கிடையாது. பெயின்ட் அடிச்ச பொம்மைய அரக்கு பொம்மைன்னு விக்கறதுதான் பிரச்சினை, சின்னக் குழந்தை வாயில வைக்கும்னா அத கட்டாயம் கேட்டு வாங்குங்க.

போட்டோல முடிவு பண்ணவே முடியாதது தஞ்சாவூர் ஓவியம். பலகையில துணி ஒட்டி, அதுமேல மாவுப் பூச்சு, மேடு கட்டி, கல் பதிச்சு, தங்க இலை ஒட்டறது முறை, அந்த இலை தங்கமா தங்கக் கலர் தகடான்னு ஸ்கிரீன்ல பார்த்து யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. நான் ஆரம்பிச்ச புதுசுல நேர்ல பார்த்தே ஏமாந்திருக்கேன், ஒரு மொத்த வியாபாரிகிட்ட சின்ன சின்ன ஃப்ரேமா 40 வாங்கினேன், 22 கேரட்னு பில்லுலயே எழுதிக் குடுத்தார், எட்டு மாசத்துல ஓரமெல்லாம் கறுக்க ஆரம்பிச்சுது, வாங்கினவங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி பணத்த திருப்பிக் குடுத்தேன். அதுல ஒரு வயசான அம்மா பேத்திக்கு பிறந்தநாளுக்கு வாங்கினது, படம் வேணும் பணம் வேணாம்னு சொன்னாங்க, அது இன்னும் மனச உறுத்துது. அதனால 12க்கு 10 இன்ச் தஞ்சாவூர் ஓவியம் அசல் தங்க இலையோட 1,000 ரூபாய்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, உங்க பட்ஜெட்டுக்கு அது வேண்டவே வேணாம். சுவாமிமலை வெண்கலமும் அப்படியே, மெழுகுல செஞ்சு மண்ணு பூசி, மெழுக உருக்கி வெளியேத்திட்டு உலோகம் ஊத்தி, அச்ச உடைச்சு எடுக்கற வேலை, ஒரு அச்சுல ஒண்ணுதான், 500 ரூபாய்க்கு வராது.

ஜிஐ டேக் இருக்குன்னு போஸ்ட்ல எழுதியிருந்தா உடனே சந்தோஷப்பட்டுடாதீங்க. புவிசார் குறியீட்டுக்கான சட்டம் 1999ல வந்து 2003லேர்ந்து நடைமுறையில இருக்கு, குறியீடு கிடைக்கறது அந்த ஊரோட அந்தப் பொருளுக்கு, இந்த விக்கறவர் கையில இருக்கற பீஸுக்கு இல்ல. அதுல அங்கீகாரம் பெற்ற பயனாளரா பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்குத்தான் அந்த முத்திரைய போட உரிமை. பதிவு பண்ணாத நல்ல கைக்காரங்க நிறைய இருக்காங்க, அதனால சான்றிதழ் இல்லாட்டி போலின்னும் முடிவு பண்ணிடாதீங்க. கைவினைஞர் அடையாள அட்டை, பெஹ்சான் கார்டுன்னு மத்திய கைவினை அலுவலகம் குடுக்கறது, அது இருக்கான்னு மரியாதையா கேக்கலாம், ஆதார் மாதிரி மத்த விவரம் எதையும் அனுப்பச் சொல்லாதீங்க, அது நமக்குத் தேவையில்லாதது.

ஓவியமே குடுக்கணும்னு ஆசைன்னா இன்னொரு வழி இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. கவின்கலைக் கல்லூரி மாணவங்களும் இப்பதான் படிச்சு முடிச்சவங்களும் சின்ன அளவுல, போஸ்ட் கார்டு சைஸ்ல வாட்டர் கலர், லினோகட் பிரிண்ட் எல்லாம் போடறாங்க, லினோகட்டுன்னா லினோலியம் பலகையில படத்த செதுக்கி, மை தடவி, அந்த ஒரே பலகையில கையாலயே 20, 30 எடுத்து ஒவ்வொண்ணுலயும் கையெழுத்துப் போட்டு நம்பர் போடுவாங்க, அதனால அசல் வேலையே உங்க விலையில கிடைக்கும். ஆனா கலர் பிரிண்டர்ல எடுத்த நகலும் பிரிண்டுன்னுதான் சொல்வாங்க, எதுன்னு கேட்டுக்கோங்க. ஓவியர் கைவினைப் பொருள் விக்கறது ஒண்ணும் புதுசு இல்ல, 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்கிட்ட படிச்சவங்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்த ஆரம்பிச்சப்போ பாத்திக் துணியும் (மெழுகு வச்சு சாயம் ஏத்தறது) கைவேலையும் வித்துத்தான் நிலத்தையே வாங்கினாங்க, ஓவியம் விக்காத மாசத்துல சோறு போட்டது அதுதான்.

பணம், கொரியர் ரெண்டும் சுருக்கமா சொல்லிடறேன். முதல் தடவை வாங்கறவங்ககிட்ட 12ஐயும் ஒரேயடியா ஆர்டர் போடாதீங்க, ஒண்ணு வாங்கிப் பாருங்க. ஆர்டர் குடுத்து செய்யச் சொன்னா பாதி முன்பணம் நியாயம், அவங்களும் பொருள் வாங்கணும் இல்லையா, முழுப் பணம் மட்டும் வேணாம். யுபிஐல பணம் போடும்போது வர்ற பேரும் அவங்க சொன்ன பேரும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, ரீஃபண்ட் அனுப்ப பின் நம்பர் போடுங்கன்னு யாராவது சொன்னா அது மோசடி, பணம் வாங்கறதுக்கு பின் தேவையே இல்ல. பணம் போயிட்டா உடனே 1930க்கு போன் பண்ணுங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பொருள் தகராறுன்னா நுகர்வோர் உதவி எண் 1915. பார்சல் பிரிக்கறத வீடியோ எடுத்து வைங்க, மண்பொருள்னா கட்டாயம்.

கொரியர்ல பலருக்குத் தெரியாத ஒண்ணு, எடைய மட்டும் பார்க்க மாட்டாங்க, பெட்டி அளவையும் பார்ப்பாங்க. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000ஆல வகுத்தா வர்றத கிலோவா எடுத்துக்கறது பெரும்பாலான கம்பெனி வழக்கம். 30க்கு 30க்கு 30 பெட்டின்னா 5.4 கிலோ கணக்கு, உள்ள அரைக் கிலோ ஓலைக்கூடைதான் இருந்தாலும். அதனால கூடை வாங்கினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி வேற வேற சைஸா எடுங்க, சாம்பிள் பார்த்ததுக்கப்புறம் மிச்சம் எல்லாம் ஒரே பார்சல்ல வரட்டும், ஒவ்வொண்ணா வாங்கினா கொரியரே பொருள் விலைய தாண்டிடும். நேரமும் பார்த்துக்கோங்க: ஐப்பசி, கார்த்திகை மழையில களிமண்ணும் காகிதக் கூழும் காயாது, அவசரப்படுத்தினா ஈரத்தோட வரும், விரிசல் விடும். நவராத்திரிக்கு முன்னாடி பொம்மைக்காரங்கள தொந்தரவு பண்ணாதீங்க, அவங்களுக்கு வருஷத்துக்கே அதுதான் வருமானம். கொலு முடிஞ்ச வாரத்துல கேட்டா மிச்சம் இருக்கறத அவங்களே குறைச்சுக் குடுப்பாங்க.

உங்க 6,000 ரூபாய நான் செலவு பண்றதா இருந்தா, பெரியவங்க ஆறு பேருக்கு மூடி போட்ட செட்டிநாட்டு ஓலைக் கொட்டான், சின்ன சைஸ், நான் கடைசியா வாங்கினப்போ ஒண்ணு 250லேர்ந்து 350க்குள்ள இருந்துச்சு, உள்ள கொஞ்சம் முந்திரியோ கருப்பட்டி மிட்டாயோ வச்சுக் குடுத்தா நிறைவா இருக்கும். குழந்தை இருக்கற வீட்டுக்கு சென்னபட்டணம் பம்பரமும் கிலுகிலுப்பையும். வயசுப் பசங்க இருந்தா கையெழுத்துப் போட்ட ஒரு லினோகட், ஃப்ரேம் வேணாம், ஃப்ரேம் விலை படத்த விட ஜாஸ்தி ஆயிடும். கோயம்புத்தூர்ல இருக்கீங்க, பவானி பக்கம்தான், ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல போனா ஜமக்காளத் துணியில தைச்ச பை கொரியர் செலவே இல்லாம கிடைக்கும், தறியையும் பார்த்துட்டு வரலாம். முதல்ல கொட்டானுக்கு சொல்லிடுங்க, அதுக்குத்தான் நாள் அதிகம் ஆகும். சாம்பிள் வந்ததும் உள்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் போட்டோ எடுத்து இங்கயே போடுங்க, பின்னல் முடிச்சிருக்கற விதத்த பார்த்தா தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.